பாக்கெட்டின் பின்பக்கம்

(உத்திரமேரூரில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, ஊர்ப் பெரியவர்களே, தாய்மார்களே, பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு பொறுமையாக உட்கார்ந்திருக்கும் இளம் பெற்றோரே, கடைக்காரச் சகோதரர்களே, எல்லாருக்கும் என் பணிவான வணக்கம்.

கடைக்காரச் சகோதரர்களைத் தனியாகச் சொன்னேன். காரணம் உண்டு. இன்றைக்கு நான் பேசப்போவது அவர்கள் கடையில் தொங்குவதைப் பற்றி, அடுக்கி வைத்திருப்பதைப் பற்றி. டப்பாவில் வருகிற உணவு, பாக்கெட்டில் வருகிற உணவு. இவற்றில் எனக்குப் பிடித்தது எது, பிடிக்காதது எது? இதுதான் தலைப்பு.

ஒரு ஆளுக்குப் பிடித்ததும் பிடிக்காததும் ஊருக்கு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நாக்கு அவரவர் நாக்கு. ஆனால் அந்த நாக்குக்கு ருசி சொல்லிக் கொடுத்தது யார்? நேற்று வரைக்கும் அம்மா சொல்லிக் கொடுத்தாள், ஆயா சொல்லிக் கொடுத்தாள். இன்றைக்கு யார் சொல்லிக் கொடுக்கிறார்கள்? அதைக் கேட்கத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பாக்கெட் என்றாலே விஷம், டப்பா என்றாலே கெடுதல் என்று பேசுகிற ஆள் நான் இல்லை. உணவைக் கெடாமல் கட்டி வைப்பது நமக்குப் புதிய வித்தையா? இங்கிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் போனால் காஞ்சிபுரம். வரதராசப் பெருமாள் கோவில் இட்லியை நினைத்துப் பாருங்கள். அரிசியும் உளுந்தும் கரகரப்பாக அரைத்து, மிளகு, சீரகம், சுக்கு போட்டு, நெய் விட்டு, மூங்கில் குடலைக்குள் மந்தாரை இலை சுற்றி, அதற்குள் மாவை ஊற்றி, நெடுநேரம் ஆவியில் வேகவைக்கிறார்கள். சாதாரண இட்லி மறுநாள் புளித்துப் போகும். இது வழிப்பயணத்துக்குத் தாங்கும். மிளகும் சுக்கும் ருசிக்கு மட்டுமா போட்டார்கள்? கெடாமல் இருக்கவும் போட்டார்கள். அந்த மந்தாரை இலைதான் அதன் உறை.

சித்திரை வெயிலில் மாடியில் காய்கிற வடாம் என்ன? தயிரில் ஊறிக் காய்கிற மோர் மிளகாய் என்ன? சுண்டைக்காய் வற்றல் என்ன? உப்பில் சுருங்கிய மாவடு என்ன? கருவாடு என்ன? நீரை எடுத்துவிடு, உப்பைக் கூட்டு, புளிப்பை ஏற்று, கிருமி அண்டாது. இந்த மூன்று விதியையும் நம் வீட்டுப் பெண்கள் எந்தச் சோதனைக்கூடமும் இல்லாமல் கையில் வைத்திருந்தார்கள்.

டப்பா வேறு வழியில் வந்தது. பிரெஞ்சு அரசாங்கம் தன் படைகளுக்குக் கெடாத உணவு வேண்டுமென்று பரிசு அறிவித்தது. நிக்கோலா அப்பேர் என்கிற மிட்டாய்க்காரர் கண்ணாடிப் புட்டியில் உணவைப் போட்டு, தக்கையால் இறுக அடைத்து, கொதிநீரில் வைத்து வேகவைத்தார். மாதக்கணக்கில் கெடவில்லை. 1810இல் அவருக்கு 12,000 பிராங்க் பரிசு கிடைத்தது. ஏன் கெடவில்லை என்று அவருக்கே தெரியாது. அதை விளக்க லூயி பாஸ்டர் வரவேண்டியிருந்தது. அதே 1810இல் இங்கிலாந்தில் பீட்டர் டுராண்ட் தகர டப்பாவுக்குக் காப்புரிமை வாங்கினார். டப்பா வந்துவிட்டது, திறக்கும் கருவி வரவில்லை! சுத்தியலும் உளியும் கொண்டு உடைத்துத் தின்றார்கள். டப்பா திறப்பான் வருவதற்கு 1850களாகிவிட்டது.

படைக்காகப் பிறந்த டப்பா, பிறகு ஏழையின் துணையாகவும் ஆனது. இதை மறக்கக் கூடாது. மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போன நம் மக்களைக் கேளுங்கள். சேவல் படம் போட்ட தக்காளிச் சாறு மத்தி டின் அங்கே எத்தனை குடும்பத்துக்குச் சோறு இறக்கியிருக்கிறது! அந்தச் சேவல் மார்க் கம்பெனி சிங்கப்பூரில் 1892இல் தொடங்கியது. இலங்கைத் தமிழர் வீட்டில் ரின் மீன் குழம்பு கேளுங்கள். டப்பாவைத் திறந்து, வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை வதக்கி, தேங்காய்ப்பால் விட்டு இறக்கினால், அது அவர்கள் வீட்டுக் குழம்பு. அந்நிய டப்பாவைத் தங்கள் ருசிக்கு வளைத்துக்கொண்டார்கள். எனக்கு அது பிடிக்கிறது. டப்பா அவர்களை ஆளவில்லை, அவர்கள் டப்பாவை ஆண்டார்கள்.

இனி, நம்முடைய கடைக்கு வருவோம். எனக்குப் பிடித்த பாக்கெட் எது?

முதலில் ஆவின் பால் பாக்கெட். நீலம் என்றால் கொழுப்பு 3 சதவீதம், பச்சை என்றால் 4.5, ஆரஞ்சு என்றால் 6. படிக்கத் தெரியாத பாட்டிகூட நிறத்தைச் சொல்லி வாங்குகிறாள். நிறமே அறிவிப்பு. தண்ணீர் கலந்தானா, எவ்வளவு கலந்தான் என்று காலையில் பால்காரரோடு மல்லுக்கு நிற்க வேண்டியதில்லை. மாடு வைத்திருக்கிற விவசாயி சங்கத்தில் பால் ஊற்றுகிறார், அந்தப் பால் காய்ச்சிக் குளிர்விக்கப்பட்டு நம் வாசலுக்கு வருகிறது. இந்தப் பாக்கெட்டுக்கு நான் கைகூப்புவேன்.

அடுத்தது உப்பு. மூட்டையில் வந்த கல்லுப்பின் ருசி எனக்கும் பிடிக்கும். ஊறுகாய்க்கு அதைவிட்டால் வேறு கிடையாது. ஆனாலும் அயோடின் சேர்த்த உப்பு பாக்கெட்டில் வந்ததால், கழுத்தில் கட்டி வருகிற நோயும், பிள்ளைகளின் மூளை வளர்ச்சி குன்றுகிற கொடுமையும் குறைந்தன. 2006 முதல் நேரடியாக உணவுக்கு விற்கிற உப்பில் அயோடின் கட்டாயம் என்று நாடு முழுவதும் சட்டமே வந்தது. இந்தப் பாக்கெட் வேண்டாம் என்று நான் எப்படிச் சொல்வேன்?

எண்ணெயையும் சொல்ல வேண்டும். 1998ஆம் ஆண்டு தில்லியில் கடுகெண்ணெயில் ஆர்ஜிமோன் என்கிற பிரம்மதண்டு விதை எண்ணெய் கலந்து விற்கப்பட்டு, மக்களுக்குக் கை கால் வீங்கி, இருதயம் பழுதாகி, 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் சமையல் எண்ணெயைச் சில்லறையாக ஊற்றி விற்பதற்குத் தடை வந்தது. நம் கண்ணெதிரே செக்கில் ஆட்டுகிற எண்ணெயை நான் குறை சொல்லவில்லை. யார் ஆட்டியது, எங்கே ஆட்டியது என்றே தெரியாத பீப்பாய் எண்ணெயைவிட, பெயரும் உரிம எண்ணும் போட்ட பாக்கெட் மேல். பெயர் போட்டவனைப் பிடித்துக் கேட்கலாம். பெயரே இல்லாதவனை எங்கே போய்த் தேடுவது?

ஆகவே பிடித்த பாக்கெட் எது என்றால், பதில் சொல்லக் கடமைப்பட்ட பாக்கெட் எனக்குப் பிடிக்கும்.

இப்போது பிடித்தும் பிடிக்காமலும் இருக்கிற ஒன்றைச் சொல்ல வேண்டும். அதுதான் குழம்புப் பொடி, மசாலாப் பொடி. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச எனக்கு அனுமதி கொடுங்கள்.

நம் பக்கத்தில் குழம்பு மிளகாய்த்தூள் அரைப்பது என்றால் ஒரு வீட்டு விசேஷம் மாதிரி. குண்டு மிளகாயா, நீட்டு மிளகாயா, ஒரு கிலோ மிளகாய்க்கு எவ்வளவு தனியா, விரலி மஞ்சள் எத்தனை, கடலைப்பருப்பு உண்டா இல்லையா, வெந்தயம் வறுத்துப் போடுவதா பச்சையாகப் போடுவதா. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கணக்கு. பாயை விரித்து வெயிலில் காயப்போட்டு, மிளகாய் காம்போடு ஒடிகிற பதம் வந்ததும் தூக்குவாளியில் கொட்டி மில்லுக்கு எடுத்துப்போவார்கள். மில்லில் தும்மல். முன்னால் போனவர் என்ன அரைத்தார் என்று பார்த்து, கேழ்வரகு அரைத்த கையோடு மிளகாயைப் போடாதே என்று மில்காரரிடம் சண்டை. அரைத்து வந்த சூட்டோடு மூடினால் கட்டி தட்டும் என்று, முறத்தில் பரப்பி ஆறவைத்து, சலித்து, பெருங்காயத் துண்டு ஒன்றை நடுவில் புதைத்து, டப்பாவில் அடைப்பார்கள். அந்த டப்பாவும் பெரும்பாலும் பழைய டால்டா டப்பா. 1937இல் வந்த டால்டாவின் தகர டப்பா, வனஸ்பதி தீர்ந்த பிறகும் தமிழ்நாட்டுச் சமையலறையில் பல பத்தாண்டு வாழ்ந்தது. துளசிச் செடிக்குத் தொட்டியாகக்கூட இருந்தது.

இப்படி அரைத்ததால் என்ன ஆனது? எதிர்வீட்டுக் காரக்குழம்பு வேறு, நம் வீட்டுக் காரக்குழம்பு வேறு. வாசனையை வைத்தே இன்னார் வீட்டுக் குழம்பு என்று தெருவில் போகிறவர் சொல்வார். கல்யாணமாகிப் போன பெண்ணுக்கு அம்மா வீட்டிலிருந்து ஒரு டப்பா தூள் போகும். அது வெறும் தூளா? அவள் பிறந்த வீட்டின் கையெழுத்து.

பாக்கெட் மசாலா இந்தக் கையெழுத்தை அழித்தது. ஈரோட்டுப் பக்கம் 1975இல் மஞ்சள் வியாபாரமாகத் தொடங்கிய சக்தி மசாலாவும், 1995இல் தொடங்கிய ஆச்சி மசாலாவும் தமிழ்நாடு முழுக்க, வெளிநாடு வரைக்கும் போய்ச் சேர்ந்தன. தமிழர் தொடங்கித் தமிழர் வளர்த்த தொழில், ஆயிரக்கணக்கானவருக்கு வேலை கொடுக்கிற தொழில். அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் கன்னியாகுமரியிலும் உத்திரமேரூரிலும் ஒரே சாம்பார் வாசனை வந்தால் அதில் பெருமைப்பட என்ன இருக்கிறது?

அதே நேரத்தில் இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். விடிகிற முன்னே கம்பெனி பஸ்ஸைப் பிடித்து ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் வேலைக்குப் போகிற நம் ஊர்ப் பெண்களிடம் போய், ‘நீ ஏன் மிளகாய் காயவைக்கவில்லை’ என்று கேட்க எனக்கு வாய் வராது. கேட்கிற ஆண்கள் யாராவது பாயை விரித்து மிளகாய் காயவைத்தார்களா? மில்லில் வரிசையில் நின்றார்களா? வீட்டு ருசி போய்விட்டது என்று புலம்புகிறவர் முதலில் முறத்தைக் கையில் எடுக்கட்டும். பெண்ணின் முதுகுவலியில் காப்பாற்றப்பட்ட ருசியை அவள் இறக்கி வைத்தால், அவளைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் இல்லை.

பெங்களூரு எம்.டி.ஆர். ஓட்டல் கதை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். நெருக்கடி நிலைக் காலத்தில் ஓட்டல் பண்டங்களை மிகக் குறைந்த விலைக்கே விற்க வேண்டும் என்று அரசு கட்டாயப்படுத்தியது. தரத்தைக் குறைக்க மனமில்லாமல் அவர்கள் ஓட்டலை மூடினார்கள். வேலையாட்களைக் கைவிடாமல் இருக்க, ரவா இட்லி மாவு போன்ற கலவைகளைப் பாக்கெட்டில் போட்டு விற்கத் தொடங்கினார்கள். அந்தப் பாக்கெட் இப்படி ஒரு நெருக்கடியில் பிறந்தது. ஆகவே கலவைப் பாக்கெட்டைத் திட்டிவிட்டுப் போகிறவன் நான் அல்ல. ஆனால் வருஷத்துக்கு ஒரு முறையாவது, கணவனும் மனைவியும் பிள்ளைகளும் சேர்ந்து ஒரு கிலோ மிளகாயாவது காயவைத்து அரையுங்கள். கணக்கை எழுதி வையுங்கள். அம்மா போய்விட்டால் அந்தக் கணக்கு திரும்பக் கிடைக்காது.

அன்பர்களே, இனி பிடிக்காததைச் சொல்கிறேன். தயவுசெய்து யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பெட்டிக்கடை வாசலில் சரம் சரமாகத் தொங்குகிறதே, ஐந்து ரூபாய், பத்து ரூபாய்ப் பாக்கெட்டுகள், அவை எனக்குப் பிடிக்கவில்லை. சிவப்பு, பச்சை, ஊதா என்று காற்றில் ஆடும். குழந்தையின் கண் உயரத்துக்கு இறக்கிக் கட்டியிருப்பார்கள். சமீபத்தில் ஒரு கடை வாசலில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு பேரனும் ஆயாவும்.

“ஆயா, அஞ்சு ரூபா குடு ஆயா.”

“இன்னாத்துக்குடா? இப்பதானே சோறு துன்ன?”

“அந்த செவப்பு பாக்கெட்டு ஆயா.”

ஆயா முந்தானை முடிச்சை அவிழ்த்து நாணயத்தை எடுத்தாள். பாக்கெட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கடைக்காரரைக் கேட்டாள்: “இதுல இன்னா போட்டிருக்கான் தம்பி?”

“அதெல்லாம் இங்கிலீசுல போட்டிருப்பான் ஆயா. புள்ள கேக்குதில்ல, குடு.”

ஆயா கொடுத்துவிட்டாள். அவள் கேட்ட கேள்வி அப்படியே நின்றது.

தாய்மார்களே, அந்தக் கிழவி கேட்டதைவிடச் சரியான கேள்வி உண்டா? ‘இதில் என்ன போட்டிருக்கிறான்?’ இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் 2006இல் உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணயச் சட்டம் வந்தது. அதன் விதிகள் 2011இல் நடைமுறைக்கு வந்தன. சட்டப்படி பாக்கெட்டின் மேல் சேர்மானப் பட்டியல் இருக்க வேண்டும், ஊட்டச்சத்து அளவு இருக்க வேண்டும், 14 இலக்க உரிம எண் இருக்க வேண்டும், சைவத்துக்குப் பச்சை வட்டப் புள்ளி இருக்க வேண்டும். எல்லாம் இருக்கிறது. எந்த மொழியில் இருக்கிறது? ஆங்கிலத்தில் அல்லது இந்தியில் இருந்தால் போதும் என்கிறது விதி. தமிழில் போடுவது கம்பெனியின் விருப்பம். உத்திரமேரூர் ஆயாவிடம் ஐந்து ரூபாய் வாங்கத் தெரிந்தவர்களுக்கு, உத்திரமேரூர் ஆயாவின் மொழியில் பதில் சொல்லத் தெரியவில்லையா? விளம்பரத்தைத் தமிழில் பாடுகிறீர்களே, சேர்மானத்தைத் தமிழில் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

பாக்கெட்டின் முன்பக்கம் கம்பெனி பேசுகிற இடம். பின்பக்கம் சட்டம் பேசவைக்கிற இடம். முன்பக்கம் மாம்பழப் படம், பின்பக்கம் தண்ணீர், சர்க்கரை, அதற்கப்புறம்தான் மாம்பழக்கூழ். முன்பக்கம் கோதுமைக் கதிர், பின்பக்கம் முதல் பெயராகச் சுத்திகரித்த கோதுமை மாவு. அப்படியென்றால் வேறென்ன? நம்முடைய மைதாதான்.

ஒரு விதியை இன்றைக்கு மனத்தில் வாங்கிக்கொண்டு போங்கள். சேர்மானப் பட்டியலில் எது எடையில் அதிகமோ அது முதலில் வரும். குறையக் குறையப் பின்னால் வரும். முதல் மூன்று பெயரைப் படித்துவிட்டால் அந்தப் பண்டம் என்ன என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். முதல் மூன்றில் சர்க்கரை இருக்கிறதா? அது மிட்டாய், பெயர் என்னவாக இருந்தாலும் மிட்டாய். முதல் மூன்றில் பாமாயில் இருக்கிறதா? அது எண்ணெய்ப் பண்டம். ‘பேக் செய்தது’ என்று முன்பக்கம் எழுதியிருந்தாலும் எண்ணெய்ப் பண்டம்.

இன்னொரு கணக்கு. பாக்கெட்டின் ஊட்டச்சத்து அளவில் உப்பு என்று போடமாட்டார்கள், சோடியம் என்று போடுவார்கள். சோடியத்தை இரண்டரையால் பெருக்கினால் உப்பு. 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு. ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதுவும் வளர்ந்தவருக்கு. ஒரு பாக்கெட் நூடுல்ஸில் ஏறக்குறைய அந்த 2 கிராம் உப்பு வந்துவிடுகிறது. அதைத் தின்ற பிள்ளை அதற்கப்புறம் சோறும் குழம்பும் அப்பளமும் சாப்பிடாதா?

கோலா வகைப் பானங்களில் பொதுவாக 100 மில்லிக்கு 10 கிராமுக்கு மேல் சர்க்கரை. 250 மில்லி குடித்தால் 25 கிராம் தாண்டியாயிற்று. ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் சேர்க்கும் சர்க்கரை இருப்பது நல்லது என்பதுதான் அதே உலக சுகாதார நிறுவனத்தின் யோசனை. இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல் என்று 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு சொல்கிறது. இந்த மண்டபத்தில் இருப்பவர்களில் எத்தனை பேர் சட்டைப் பையில் மாத்திரை வைத்திருக்கிறீர்கள் என்று நான் கேட்க வேண்டியதில்லை.

மாம்பழப் பானத்தைச் சொன்னேன். அதைச் சொல்லும்போது கிருஷ்ணகிரியைச் சொல்லாமல் இருக்க முடியாது. தமிழ்நாட்டில் உண்மையான டப்பாத் தொழில் பார்க்க வேண்டுமென்றால் அங்கே போங்கள். கிளிமூக்கு மாம்பழம், பெங்களூரா என்று சொல்வோமே, அதைக் கூழாக்கிப் பெரிய டின்களில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். பருவத்தில் லாரி லாரியாகப் பழம் ஆலை வாசலில் நிற்கும். நல்ல தொழில். ஆனால் 2025 பருவத்தில் பெங்களூரா விலை சரிந்து விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். பறிக்கிற கூலிக்கே கட்டவில்லை. அதோடு சேர்ந்து பானத்தின் விலை குறைந்ததா? பழம் விளைவித்தவருக்கும் லாபம் இல்லை, பானம் குடிக்கிற பிள்ளைக்கும் லாபம் இல்லை. இடையில் இருக்கிற சர்க்கரைத் தண்ணீருக்குத்தான் விலை.

அப்புறம், பாலில் கலக்கிக் குடிக்கிற மால்ட் மாவு. உயரம் வளரும், மூளை வளரும், பரீட்சையில் முதல் மார்க் வரும்! எத்தனை தாய்மார்கள் கூலி வேலை செய்து சேர்த்த காசில் அந்தப் புட்டியை வாங்கினார்கள்! அந்த மாவுகள் பலவற்றில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சர்க்கரை. 2024 ஏப்ரலில் மத்திய வணிக அமைச்சகம், இணையக் கடைகள் இவற்றை ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற தலைப்பில் விற்கக் கூடாது என்று அறிவுறுத்தியது. காரணம் என்ன தெரியுமா? ‘ஹெல்த் டிரிங்க்’ என்று ஒரு வகையே உணவுச் சட்டத்தில் கிடையாது. இத்தனை காலமாகச் சட்டத்தில் இல்லாத ஒரு பெயருக்கு நாம் காசு கொடுத்தோம். கேழ்வரகுக் கூழுக்கு யாராவது பாட்டு எழுதி விளம்பரம் செய்திருந்தால் அதற்கும் இத்தனை மதிப்பு வந்திருக்கும்.

கம்பெனிகள் பெரியவை, நாம் என்ன செய்ய முடியும் என்று சிலர் மனத்தில் ஓடும். செய்திருக்கிறோமே! குழந்தைப் பால் பவுடர் டப்பாவைப் பாருங்கள். ஒரு காலத்தில் அதன் மேல் கொழுகொழுவென்று ஒரு குழந்தை சிரிக்கும். இன்றைக்கு அந்தக் குழந்தை இல்லை. 1992இல் வந்த சட்டம் அந்தப் படத்தை எடுக்கவைத்தது, விளம்பரத்தைத் தடை செய்தது, தாய்ப்பாலே சிறந்தது என்று அந்த டப்பாவின் மேலேயே எழுதவைத்தது. சிலி நாட்டில் 2016 முதல், சர்க்கரையோ உப்போ கொழுப்போ அதிகமுள்ள பாக்கெட்டின் முன்பக்கத்தில் கறுப்பு எண்கோண முத்திரை. பிள்ளைகளே பார்த்துத் தெரிந்துகொள்கிறார்கள். நம் நாட்டிலும் முன்பக்க எச்சரிக்கை வேண்டும் என்ற வழக்கில் 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மூன்று மாதத்தில் பரிந்துரை தரச் சொன்னது. அதற்குப் பிறகும் அவகாசம் கேட்கப்பட்டது. பிள்ளைகள் அவகாசம் கேட்பதில்லை, நாளுக்கு நாள் தின்றுகொண்டிருக்கிறார்கள்.

தின்ற பிறகு பாக்கெட் எங்கே போகிறது? 2019 தொடக்கத்தில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கைத் தமிழ்நாடு தடை செய்தது. கடைக்காரர் கொடுத்த கேரி பேக் குற்றமாயிற்று. கம்பெனி கட்டி அனுப்பிய பளபள உறை இன்றும் தொங்குகிறது. மழை வந்தால் அது கால்வாய் வழியே ஏரிக்குப் போகிறது. கல்வெட்டில் வைரமேக தடாகம் என்று பெயர் பெற்ற நம் ஏரிக்கு. ஏரியைப் பார்த்துக்கொள்ள ஏரி வாரியம் வைத்திருந்த ஊர் இது.

அந்தக் கல்வெட்டைப் பற்றிப் பேசாமல் உத்திரமேரூரில் எந்தப் பேச்சும் முடிவதில்லை. வைகுண்டப் பெருமாள் கோவில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்து, 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள். குடவோலைத் தேர்தலைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். நான் வேறொன்றைப் பேச விரும்புகிறேன். இந்த ஊரில் பொன் வாரியம் என்று ஒரு குழு இருந்தது. ஊராருக்காகப் பொன்னை உரைத்து மாற்றுப் பார்க்கத் தெரிந்தவர்களை இந்த ஊர்ச் சபை தேர்ந்தெடுத்து நியமித்தது. பொன்னைக் கொண்டுவந்தவன் சொல்கிற வார்த்தையை நம்பிவிடவில்லை. உரைத்துப் பார்த்தார்கள். கணக்குக் காட்டாதவன் மறுபடியும் பொறுப்புக்கு வர முடியாது என்று சுவரில் வெட்டி வைத்தார்கள்.

அந்தச் சபையில் எல்லாருக்கும் இடம் இருக்கவில்லை. நிலம் வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும், பெண்ணுக்கு இடமே இல்லை. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இன்றைக்கு அப்படியில்லை. அந்தக் கடை வாசலில் கேள்வி கேட்ட ஆயாவுக்கும் ஊர்க் கூட்டத்தில் கை தூக்கிக் கேட்க உரிமை இருக்கிறது. பொன்னை உரைத்துப் பார்த்த ஊர், பிள்ளை வாயில் போகிற பண்டத்தை உரைத்துப் பார்க்க வேண்டாமா?

உரைகல் ஏற்கெனவே கையில் இருக்கிறது. பள்ளிக் குழந்தைகளுக்கான உணவு பற்றி 2020இல் ஒரு ஒழுங்குமுறை அறிவிக்கப்பட்டு, 2021 ஜூலை முதல் நடப்பில் இருக்கிறது. கொழுப்பு, சர்க்கரை, உப்பு அதிகமான பண்டங்களைப் பள்ளி வளாகத்துக்குள்ளும், பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது. 50 மீட்டர்! உங்கள் ஊர்ப் பள்ளி வாசலில் நின்று எண்ணிப் பாருங்கள், எத்தனை சரம் தொங்குகிறது என்று.

கடைக்காரச் சகோதரர்களே, உங்கள் பிழைப்பில் மண் போட நான் வரவில்லை. அந்தச் சரம் தொங்கிய இடத்தில் கடலைமிட்டாய் தொங்கட்டும், பொரி உருண்டை இருக்கட்டும், கொய்யாக்காய், நெல்லிக்காய், வேர்க்கடலை, அவித்த பனங்கிழங்கு இருக்கட்டும். விற்கிற பண்டம் நம் வயலில் விளைந்ததாக இருந்தால் காசும் ஊருக்குள்ளேயே சுற்றும்.

கேட்டுக்கொள்வது மூன்றுதான். வீட்டில் எந்தப் பாக்கெட் வந்தாலும், பிரிப்பதற்கு முன்னால் படிக்கத் தெரிந்த பிள்ளையைப் பின்பக்கத்தின் முதல் மூன்று பெயரை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். அடுத்து வருகிற கிராம சபையில், சேர்மானப் பட்டியலைத் தமிழிலும் அச்சிட வேண்டும் என்று அரசைக் கேட்டுத் தீர்மானம் போடுங்கள். சுற்றியுள்ள கிராமங்கள் போடட்டும், நம் பேரூராட்சி மன்றமும் போடட்டும். மூன்றாவது, பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிற தாய்மார்கள் ஒரு அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போய்ப் பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டரை அளந்து, சுண்ணாம்பில் ஒரு கோடு போடுங்கள். கோட்டுக்குள் என்ன விற்கிறார்கள் என்று எழுதி மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் கொடுங்கள். வாங்கிக்கொண்டதற்கு ஒப்புகைச் சீட்டு கேட்டு வாங்குங்கள்.